வாய்விட்டுச் சொல்லுங்கள்

பெங்களூரு விவேக்நகர் பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும், குழந்தை இயேசு ஆலயத்தில் வியாழக்கிழமை என்றால் காலையிலிருந்தே கூட்டம். கையில் மெழுகுவத்தி. கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல, நெற்றியில் குங்குமம் வைத்தவர்களும் வருகிறார்கள்.

என்ன செய்கிறார்கள்? மனதில் உள்ளதைச் சொல்கிறார்கள். வேலை போய்விடுமோ, மகளுக்கு வரன் அமையுமோ, ஸ்கேன் ரிப்போர்ட்டில் என்ன இருக்குமோ... குக்கரில் விசில் வந்தால்தானே ஆவி வெளியேறும்? அப்படித்தான்.

பைபிளில் வரும் திருத்தூதர் பவுல், பிலிப்பி ஊர்க் கிறிஸ்தவர்களுக்குக் கடிதம் எழுதியது சிறையிலிருந்து. கவலையை அடக்கி வைக்கச் சொல்லவில்லை அவர். கடவுளிடம் சொல்லிவிடச் சொன்னார்.

கடவுளிடம் சொல்லுங்கள். மனிதரிடமும் சொல்லுங்கள். ஜெபம் செய்கிறவர் டாக்டரிடம் போனால் விசுவாசக் குறைவு என்பார்கள் சிலர். அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

தூக்கமில்லையா? நெஞ்சு படபடக்கிறதா? நாள்கணக்கில் நீடிக்கிறதா? டெலி மானஸ் என்று அரசின் இலவச மனநல உதவி எண் இருக்கிறது. 2022-இல் தொடங்கியது. நம்ம பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைதான் இதற்குத் தலைமை மையம். ராத்திரி, பகல் எப்போது வேண்டுமானாலும் பேசலாம். தமிழிலும் பேசலாம்.

எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்: 14416. மறுபடி சொல்கிறேன். ஒன்று, நான்கு, நான்கு, ஒன்று, ஆறு.