திரையேறிய தமிழுக்கு வேண்டும் எழுத்தளவை
(தமிழ்மன்றக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஓலைச்சுவடியில் எழுதிய பழந்தமிழன் புள்ளியிட்டானல்லன். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடம் விட்டானுமல்லன். படித்தவன் புலவன் ஆகலின், அவன் புலமையே புள்ளியாகவும் இடைவெளியாகவும் நின்றது. இன்று வலைத்தளத்தைத் திறப்பவன் யார்? பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பற்றி, மறு கையில் கைப்பேசி ஏந்தி நிற்கும் பள்ளி மாணவன். மூக்குக் கண்ணாடியை வீட்டில் மறந்துவந்த முதியவர். வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கண்ணை உறுத்தினால், அம்மாணவன் பக்கத்தின் மூலையிலிருக்கும் 'ஆங்கிலம்' என்னும் பொத்தானை அழுத்திவிடுகின்றான். பின்னர், 'தமிழில் படிப்பது அரிது' என்று ஊரெல்லாம் சொல்கின்றான். அரிதாயிருந்தது தமிழா? தமிழை வார்த்த கலமா?

கலத்தின் குற்றமே என்பதைக் காட்டத் தரங்கம்பாடிக்குச் சென்று மீளல் வேண்டும். செருமனியின் ஆலே நகரில் வார்க்கப்பெற்ற தமிழ் அச்செழுத்துகள் 1713-இல் அவ்வூருக்கு வந்து சேர்ந்தன. அவை மிகப் பெருத்திருந்தன. அவ்வெழுத்துகளால் புதிய ஏற்பாட்டை அச்சிடப் புகுந்தால் தாள் போதாது. சீகன்பால்குவும் உடனிருந்தோரும் என் செய்தனர்? அயலூரில் வார்த்தது வந்துவிட்டதே என்று அதையே வைத்துக் காலம் தள்ளவில்லை. தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தெடுத்தனர். நூல் 1715-இல் முற்றுப்பெற்றது. சமயம் பரப்ப வந்த அயலவர்க்கே, தமிழை அச்சிடத் தமிழுக்கேற்ற அளவு வேண்டும் என்பது விளங்கியிருந்தது.

இன்றைய நிலை என்ன? வலைத்தளம் அமைக்கும் இளைஞர், உரோம எழுத்துக்கென்று அளந்து செய்த வார்ப்பு ஒன்றை எடுத்து, ஆங்கிலச் சொற்களை நீக்கி, அவ்விடத்தில் தமிழைக் கொட்டுகின்றனர். சட்டை பிறனுக்குத் தைத்தது, உடல் தமிழனுடையது. பிதுங்காமல் என் செய்யும்?

எழுத்தின் உடலமைப்பை நோக்குங்கள். த, ந, ர, ற, ழ என்பவை அடிவரைக்குக் கீழே வால் நீட்டுவன. மெய்யின் புள்ளியும் இகர ஈகாரக் கொக்கிகளும் தலைக்குமேல் எழுவன. மேல்வரியில் 'ழு' இறங்க, கீழ்வரியில் 'ழ்' ஏற, இரண்டும் முட்டிக்கொள்ளும். புள்ளி மறைந்தால் மெய் உயிர்மெய்யாகிப் பொருளே திரியும். ஆங்கிலத்தில் 'ஐ' என்னும் எழுத்தின் தலைப்புள்ளி மறைந்தால் அத்துணைக் கேடு நேர்வதில்லை. ஆங்கில வார்ப்புகளில் தலைப்புக்கு எழுத்தளவைப்போல் 1.1 அல்லது 1.2 மடங்கே வரியுயரம் வைப்பர். தமிழ்த் தலைப்பு இரண்டு வரியாக மடிந்தால் அது போதவே போதாது, 1.4 மடங்கேனும் வேண்டும். உடற்பகுதிக்கு 1.7 அளவு வைத்துப் பார்த்தால் கண் இளைப்பாறுவதை எவரும் உணர்வர். உலாவிகள் இயல்பாகத் தரும் எழுத்தளவு 16 படப்புள்ளி. 'ணூ', 'ஞை' போன்ற நெருக்கமான எழுத்துகள் சிறு திரையில் தெளிவாகத் தோன்ற 18 வைத்தல் நன்று.

அடுத்தது வரியின் நீளம். இராபர்ட் பிரிங்கர்சுட்டு என்னும் அச்சுக்கலை அறிஞர் 1992-இல் வெளியிட்ட நூலில், ஒரு வரிக்கு 45 முதல் 75 எழுத்து வரை நிறைவளிக்கும் என்று வரையறுத்தார். அஃது உரோம எழுத்துக்குச் சொன்ன கணக்கு. தமிழோ சொல்லோடு வேற்றுமையும் இடைநிலையும் விகுதியும் ஒட்டிச் செல்லும் மொழி. 'எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு' என்னும் ஒரே சொல் கைப்பேசித் திரையின் ஒரு வரியைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். இந்நிலையில் இருபுறமும் ஓரம் ஒக்க நிறுத்த முயன்றால், இரண்டு சொற்களை இரு கரையில் நிறுத்தி நடுவில் ஆறு ஓடவிட்டதுபோல் ஆகும். தாளிதழில் நேராக நின்ற ஓரத்தைத் திரையிலும் வேண்டுவது வீண் பிடிவாதம். இடப்புறம் நேராகவும் வலப்புறம் இயல்பாகவும் விடுங்கள். அதில் இழிவொன்றுமில்லை.

ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்று இருவகை உண்டு. சாய்வெழுத்தும் அவர்தம் மரபிலேயே தோன்றியது. தமிழில் பெரிய எழுத்தில்லை, சாய்வெழுத்து மரபுமில்லை. நேரெழுத்தைப் பொறியால் தள்ளிச் சாய்த்தால் அது சாய்வெழுத்தாகாது, சாயப்போகும் சுவராகும். ஒரு சொல்லை விதந்து காட்டத் தடித்த எழுத்தோ வேறொரு நிறமோ போதும்; அத்தடிப்பிலும் 'ஊ', 'ணூ' ஆகியவற்றின் உள்வெளி அடைபடாத எழுத்துருவையே தேர்தல் வேண்டும். இணைப்புகளின் கீழிடும் கோடும் அங்ஙனமே. புதிய உலாவிகள் எழுத்தின் வால் வருமிடங்களில் கோட்டை விட்டுவிட்டு வரையும். தமிழில் வால்கள் மிகுதி, கோடு கந்தலாகும். கோட்டைச் சற்றுத் தாழ்த்தி வைத்தால் தீர்ந்தது.

இனி, இங்குள்ளோர்க்கே சற்றுக் கசக்கும் ஒன்று. பிறமொழிச் சொல் ஒன்றுகூட நுழையாமல் காத்த தூய தமிழ்க் கட்டுரை. அதன் பின்னணியிலோ வள்ளுவர் படம், கொடி, கோபுரம். அவற்றின்மேல் மஞ்சளில் எழுத்து. தலைமேல் ஓடிக்கொண்டேயிருக்கும் முழக்கம்! தமிழ் அமைப்புகளின் வலைத்தளங்கள் பலவற்றின் நிலை இதுவே. வலையின் நெறிமுறைகளை வகுக்கும் பன்னாட்டுக் கூட்டமைப்பு, எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளிமாறுபாடு 4.5-க்கு 1 என்னும் அளவேனும் இருத்தல் வேண்டும் என 2008-இல் வரையறுத்தது. வெள்ளையின்மேல் மஞ்சள் அவ்வளவில் கால்பங்கைத்தான் எட்டும். சொல்லைக் காத்தோம் என்று பெருமிதம் கொள்வோர், அச்சொல்லைப் பிறர் கண்ணிற் படாமல் மறைத்து வைப்பதில் என்ன பயன்? வள்ளுவரை எழுத்துக்குப் பின்னால் நிறுத்த வேண்டா. பக்கத்தின் தலையில், தமக்கென்று ஓரிடத்தில், சுற்றிலும் வெறுவெளி சூழ அமரட்டும்.

வெறுவெளி வீண்வெளியன்று. அருகருகே உள்ளவற்றை ஓரினமென்றே கண் கொள்ளும் என்பதை மாக்சு வெர்த்தைமர் என்னும் உளநூலறிஞர் 1923-இல் விளக்கினார். துணைத்தலைப்பு தன் பத்திக்கு அண்மையிலும் முன்பத்திக்குச் சேய்மையிலும் இருத்தல் வேண்டும் என்பது இதனின்று பெறப்படும்.

கணிப்பொறியின் எண்ணலில் ஒரு பிழையுண்டு, அதையும் கண்டறிக. 'தமிழ்' என்பது இலக்கணப்படி மூன்றெழுத்து. ஒருங்குறி முறையிலோ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடு. முகப்புப் பக்கத்தில் கட்டுரைத் தலைப்புகளை 'இத்தனை குறியீட்டோடு வெட்டு' என்று பொறிக்குக் கட்டளையிட்டுவிடுகின்றனர். நான்காவதில் வெட்டு விழுந்தால் 'தமிழ' என்று நிற்கும். மொழியின் பெயரே புள்ளியிழந்து கிடக்கும். குறியீட்டை எண்ணாது எழுத்தை எண்ணி, இயன்றால் சொல்லின் இறுதியில் வெட்டுமாறு நிரல் எழுதுவோரிடம் சொல்லுங்கள். அறிந்தவர்க்கு அது சிறு வேலை. எவரும் கேளாமையால்தான் செய்யாதிருக்கின்றனர்.

வலைத்தளம் முடிந்தது என்று எவரேனும் கொண்டுவந்து காட்டினால், 'நீரூற்றின் கீழ்ப்புறம் குழந்தைகள் கூழுண்டு களித்தனர்' என்னும் வரியைத் தலைப்பாக இடச்சொல்லி, அது மூன்று வரியாக மடியும்வரை திரையைச் சுருக்கச் சொல்லுங்கள். மேலிருந்து இறங்கும் வால் கீழிருக்கும் புள்ளியைத் தொடுகின்றதா என்று பாருங்கள். பின்னர் அதே பக்கத்தை, வீட்டில் உள்ள முதியவர் கையில் அவர்தம் பழைய கைப்பேசியிலேயே கொடுத்து, உரக்கப் படிக்கச் சொல்லிப் பக்கத்தில் அமர்ந்து கேளுங்கள்.