நெய்தலிலிருந்து குறிஞ்சிக்கு: ஒரு சைக்கிள் பயணம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



மேடையேறிப் பேசும் பழக்கம் எனக்கு இல்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் குமாஸ்தா நான். ஆயினும் நம் செயலாளர், “சென்ற தை மாதம் மகனோடு சைக்கிளில் சுற்றி வந்தீர்களே, அதைச் சொன்னால் போதும்” என்று பணித்தார். அன்பின் கட்டளையை மீற இயலவில்லை.

மலை குறிஞ்சி, காடு முல்லை, வயல் மருதம், கடற்கரை நெய்தல் என்று நாம் அனைவரும் பள்ளியில் ஒப்பித்திருக்கிறோம். ஒப்பித்தோமே தவிர, நாம் குடியிருக்கும் இடம் எந்தத் திணை என்று எண்ணிப் பார்த்ததுண்டா? வடாலா நெய்தல் நிலம். இங்கிருந்து ஒருவன் விடியற்காலையில் சைக்கிளில் புறப்பட்டால், உச்சிப்பொழுது சாய்வதற்குள் குறிஞ்சியை அடைந்துவிடலாம். இடையே ஓர் ஆறும் உண்டு. பெருநகரங்களுள் இப்பேறு வாய்த்தவை சிலவே.

ஒரு ஞாயிறன்று காலை ஐந்து மணிக்கு நானும் பதினாறு வயது மகனும் புறப்பட்டோம். என் வண்டி அம்பத்தூரில் செய்த பழைய ஹெர்குலிஸ். அவனுடையது பல்சக்கரம் வைத்த புதிய வண்டி. முதலில் உப்பளப் பக்கமாகச் சென்றோம். 1930-ஆம் ஆண்டு உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது தொண்டர்கள் தடியடிக்கு அஞ்சாமல் உப்பெடுக்கப் பாய்ந்த இடம் இந்த வடாலா. அதே ஆண்டில்தான் இராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு நடந்தார். இதை மகனிடம் சொன்னபோது, “நம் வடாலாவா?” என்று வியந்தான். பாடப்புத்தகத்தில் அவன் தண்டியை மட்டுமே படித்திருந்தான்.

சிவ்ரிக் கடற்கரையை அடைந்தபோது கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. கடல் வற்றும் நேரம். அகன்று கிடந்த சேற்றுப் பரப்பில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து இரை தேடிக்கொண்டிருந்தன. சேற்றிலுள்ள பாசியும் நுண்ணுயிர்களுமே அவற்றின் சிறகுக்கு அந்த இளஞ்சிவப்பைத் தருகின்றன. நம் கோடிக்கரைக்கும் ஆண்டுதோறும் பூநாரைகள் விருந்து வருவதுண்டு. இந்தத் தானே கழியின் ஒரு பகுதி 2015-இல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் உலக அளவில் காக்கத்தக்க ஈரநிலமாக ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. 2024-இல் திறந்த நீண்ட கடற்பாலம் தொடங்குவதும் இதே சிவ்ரியில்தான். ஏறத்தாழ 22 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாலத்தில் நம் சைக்கிளுக்கு இடமில்லை. ஆனால் அதன் அடியில் நின்று பறவைகளைப் பார்க்கச் சைக்கிளே ஏற்ற வாகனம், அது சத்தமிடுவதில்லை.

அங்கிருந்து மாதுங்கா வழியாகத் தாராவியின் ஓரத்திலுள்ள மாகிம் இயற்கைப் பூங்காவுக்கு வந்தோம். 37 ஏக்கர் பரப்புள்ள அந்தப் பசுஞ்சோலை ஒரு காலத்தில் நகரத்தின் குப்பை மேடு. அதன்மேல் மண்ணிட்டு, மரம் நட்டு, 1994-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே நடந்தோம். மரங்களுக்கு அப்பால் மித்தி ஆறு கடலோடு கலக்கும் கழி. கரையெங்கும் அலையாத்தி மரங்கள். 2004-ஆம் ஆண்டு சுனாமியின்போது பிச்சாவரத்தருகே அலையாத்திக் காட்டின் பின்னிருந்த சிற்றூர்கள் பெருஞ்சேதமின்றித் தப்பியதை நாம் அறிவோம். அந்த மரமேதான் இங்கும் நிற்கிறது. குப்பையைக்கூடக் காடாக்க மனிதனால் முடியும் என்பதற்கு அப்பூங்கா சான்று. காட்டையும் ஆற்றையும் குப்பையாக்க முடியும் என்பதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. பாலத்தைக் கடந்து குர்லாப் பக்கம் திரும்பினோம், அங்கே இருந்தது.

குர்லாவில் ஆற்றின் மேலுள்ள பாலத்தில் மகன் வண்டியை நிறுத்தினான். கீழே கறுத்த நீர், மிதக்கும் பைகள், மூக்கைத் துளைக்கும் நாற்றம். “அப்பா, இது நாலாதானே?” என்று கேட்டான். நாலா என்றால் இங்கே சாக்கடை. நான் உடனே விடை சொல்லவில்லை. ஏனெனில், அந்தப் பாலத்திலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் ஒரு காலத்தில் எங்கள் வீடு இருந்தது.

2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாளை இந்த அவையில் யாரும் மறந்திருக்க முடியாது. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. 2023 டிசம்பரில் நம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்ததும் ஏறத்தாழ அவ்வளவே. அங்கு உறவினரை உடையவர்களுக்கு அதன் கொடுமையை நான் விளக்க வேண்டியதில்லை. அன்று மழையோடு கடலேற்றமும் சேர்ந்துகொண்டது. நான் தண்டவாளத்தின் வழியே நடந்து நள்ளிரவில் வீடு சேர்ந்தபோது, என் தாயார் மார்பளவு நீரில், தந்தையாரின் ஓய்வூதியப் புத்தகத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தார். உயிர் தப்பினோம். மற்றவை போயின. நகரத்தில் நூற்றுக்கணக்கானோர் உயிரும் போயிற்று. “இந்த ஆற்று முகத்தில் இனி விழிக்கமாட்டேன்” என்று தாயார் சொல்லிவிட்டார். நாங்கள் வடாலாவுக்குக் குடிபெயர்ந்தோம். நானும் பல ஆண்டுகள் அந்த ஆற்றைச் சபித்தவன்தான்.

அன்று பாலத்தில் மகனிடம் ஒன்றை ஒப்புக்கொண்டேன். இந்த அவையிலும் ஒப்புக்கொள்கிறேன். குர்லாவில் இருந்த காலத்தில், நாள்தோறும் அலுவலகத்துக்குப் போகும் வழியில் வீட்டுக் குப்பையைப் பையில் கட்டி அதே பாலத்திலிருந்து ஆற்றில் எறிந்தவன் நான். தெருவில் எல்லாரும் எறிந்தார்கள், நானும் எறிந்தேன். ஆற்றின் ஓட்டத்தை அடைத்தவை பெரிய கட்டடங்களும் தூர்த்த சதுப்பு நிலங்களும் மட்டுமல்ல. என் பைகளும் அவற்றுள் சில. “இது ஆறு. நாலாவாக்கியவர்களில் உன் அப்பாவும் ஒருவன்” என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. ஏறி மிதிக்கத் தொடங்கினான்.

முல்லையும் குறிஞ்சியும் இயல்பு கெட்டால் பாலையாகும் என்பது இளங்கோவடிகள் காட்டிய உண்மை. மருதமும் பாலையாகும் என்பதை அன்று கண்டேன். அந்த ஆற்றை வளைத்து ஒடித்திருக்கிறார்கள். ஓரிடத்தில் அது விமான ஓடுபாதைக்கு அடியில் புகுந்து வெளிவருகிறது. கரையை ஒட்டியே போவதற்குப் பாதை கிடையாது. சாக்கிநாக்கா, மரோல் என்று நெரிசலில் நெளிந்து, ஆற்றைக் காண்பதும் இழப்பதுமாக மேலேறினோம்.

ஆரேயை அடைந்ததும் காற்று மாறியது. 1949-இல் நகரத்துக் கறவை மாடுகளுக்காக அமைத்த பால் குடியிருப்பு அது. மரநிழலில் மாடுகள் நின்றன. இதுதான் முல்லை என்றேன். அதற்கு அணித்தே விகார் ஏரி. பம்பாய் மாநகரின் தாகம் தீர்க்க 1860-இல் கட்டி முடித்தது. துளசி ஏரி நிரம்பினால் விகாருக்கு வரும். விகாரும் பொவாயும் வழிந்தால் அதுவே மித்தி. ஏரிக்குக் கீழே ஆறு ஓடையாக, அடியிலுள்ள கல் தெரிய ஓடிக்கொண்டிருந்தது. காலையில் கேட்ட கேள்விக்கு அங்கேதான் முழு விடை கிடைத்தது. மகன் இறங்கிக் கையை நனைத்தான். கடலிலிருந்து அவ்வளவு தூரமும் அவன் முகத்தில் இருந்த அருவருப்பு அப்போது இல்லை.

பிறகு போரிவலி வாயிலை அடைந்தோம். சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா ஏறத்தாழ 104 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. மாநகரத்துக்குள்ளேயே சிறுத்தைகள் வாழும் காடு. அங்கே சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். திங்களன்று விடுமுறை என்பதை நினைவிற் கொள்ளுங்கள். காட்டுப் பாதையில் மேலேறி, சில இடங்களில் வண்டியைத் தள்ளிக்கொண்டு, கான்ஹேரிக் குகைகளை அடைந்தோம். கிருஷ்ணகிரி என்பதே கான்ஹேரி ஆயிற்று. நம் நாட்டிலும் அப்பெயரில் ஊர் உண்டல்லவா? ஒரே கரும்பாறையில் நூற்றுக்கும் மேற்பட்ட குகைகள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே புத்தத் துறவியர் குடைந்து வாழத் தொடங்கிய இடம்.

சிற்பங்களைவிட என்னைக் கவர்ந்தவை அங்குள்ள நீர்த்தொட்டிகள். குகையின் பக்கத்தில் தொட்டி. பாறையில் விழும் மழையை அதற்குள் கொண்டுசேர்க்கச் செதுக்கிய சிறு வாய்க்கால். மழைத்துளியை விருந்தினரைப் போல் வரவேற்று உள்ளே அமர்த்தியிருக்கிறார்கள். துறவு பூண்டவர்கள் நீரை இப்படிப் போற்றினார்கள். பிள்ளைகுட்டி உடைய நாமோ அதை நகரத்தைவிட்டு விரட்டும் வழி தேடினோம். போக வழியின்றி அது நம் வீட்டுக்குள் வந்தது.

அன்பர்களே, என் வேண்டுகோள் சிறியது. சங்கம் ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி, நம் பிள்ளைகளைக் கடலிலிருந்து மலைவரை சைக்கிளில் அழைத்துச் செல்ல வேண்டும். முழுவழியும் இயலாதோர் மாகிம் பூங்காவோடு நின்றால் போதும். பிழைக்க வந்த ஊர் என்று எண்ணும்வரை இந்த ஆறு நமக்கு நாலாதான். மூன்று தலைமுறையாக இங்கே உண்டு உறங்கிய பிறகும் அப்படி எண்ணலாமா?

அன்றிரவு கால்வலியோடு வீடு திரும்பினோம். மகன் நேரே பாட்டியிடம் சென்று, “ஆச்சி, மித்தி மலையிலே பிறக்குது. அங்கே நல்ல தண்ணீர். நான் கை நனைத்தேன்” என்றான். என் தாயார் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பின்னர், “அடுத்த தடவை போகும்போது ஆட்டோ வைத்தாவது என்னையும் கூட்டிக்கொண்டு போ” என்றார்.

அந்த நாளை நான் எதிர்நோக்கியிருக்கிறேன். நீங்களும் உடன்வர வேண்டுகிறேன்.