ஒரு மணி நேரப் பயணம், ஒரு நாள் அலைச்சல்



வெளிநாட்டுப் பயணம் என்றால் நாம் பெரிய விமானத்துக்குத்தான் பயப்படுகிறோம். நான்கு மணி நேரமா, எட்டு மணி நேரமா என்று கணக்குப் போட்டுத் தலையணை, போர்வை, மாத்திரை எல்லாம் எடுத்துவைக்கிறோம். போன இடத்தில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகும் குட்டி விமானத்தைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. "ஒரு மணி நேரம்தானே" என்று விட்டுவிடுகிறோம். அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

2023 டிசம்பர் 1 முதல் மலேசியர்களுக்குச் சீனா செல்ல விசா தேவையில்லை. 2024 பிப்ரவரி 9 முதல் சிங்கப்பூரர்களுக்கும் அப்படியே. அதனால் நம் குடும்பங்கள் பல இப்போது சீனாவுக்குப் போய் வருகின்றன. நாங்களும் எட்டுப் பேர் 2025 ஜூலையில் புறப்பட்டோம். கோலாலம்பூரிலிருந்து குவாங்சோ. அங்கே இரண்டு இரவு. பிறகு மலையும் ஆறும் பார்க்கக் குய்லின். குவாங்சோவிலிருந்து குய்லினுக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தான். கோலாலம்பூரிலிருந்து பினாங்கு போவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் சோதனை எங்கள் பெயரிலேயே வந்தது. நம் கடப்பிதழில் பெயர் எப்படி இருக்கிறது? சொந்தப் பெயர், நடுவே ஏ/எல் அல்லது ஏ/பி, பிறகு அப்பா பெயர். குடும்பப் பெயர் என்று தனியாக எதுவும் இல்லை. ஆனால் விமானச் சீட்டுக்கு ஒரு குடும்பப் பெயர் வேண்டும். அந்தக் கணினிக்குச் சாய்கோடும் ஆகாது. விளைவு என்ன? அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிட்டது. சொந்தப் பெயரின் வாலில் 'ஏஎல்' ஒட்டிக்கொண்டது. முகப்பில் இருந்த பெண் கடப்பிதழைப் பார்க்கிறார், திரையைப் பார்க்கிறார், மறுபடியும் என் முகத்தைப் பார்க்கிறார். அவர் கண்ணுக்கு அப்பாவும் மகனும் ஒரே சீட்டில் ஏற வந்த மாதிரி தெரிந்திருக்கும்! மேலதிகாரி வந்து கடப்பிதழ் எண்ணை ஒப்பிட்டுப் பார்த்துத் தீர்த்துவைப்பதற்குள் 25 நிமிடம் போய்விட்டது.

இரண்டாவது சோதனை பாதுகாப்புப் பரிசோதனையில். எங்கள் கையில் ஐந்து பவர் பேங்க் இருந்தன. கோலாலம்பூரிலிருந்து அதே ஐந்தும் எங்களோடு விமானத்தில்தான் வந்தன. இங்கே மூன்றைப் பிடித்துத் தொட்டியில் போட்டுவிட்டார்கள். காரணம் கேட்டால் '3சி' என்கிறார்கள். அது சீனாவின் தரச் சான்று முத்திரை. அந்த முத்திரை இல்லாத பவர் பேங்க் எதையும் சீன உள்நாட்டு விமானத்தில் கொண்டுபோகக் கூடாது என்பது 2025 ஜூன் 28 முதல் அங்கே சட்டம். முத்திரை இருந்தும் எழுத்து அழிந்து தெரியாமல் போனால் அதற்கும் அதே கதிதான்.

கோபம் வரத்தான் செய்தது. ஆனால் நியாயத்தையும் சொல்ல வேண்டும். 2025 ஜனவரியில் தென்கொரியாவின் பூசானில் தரையில் நின்றிருந்த விமானம் ஒன்று தீப்பிடித்து எரிந்தது. பவர் பேங்க் மீதுதான் சந்தேகம் விழுந்தது. ஆகாயத்தில் இருக்கும்போது அப்படி நடந்தால் யாரைக் கூப்பிடுவது? சட்டம் சரிதான். அது நம் ஊர் வரைக்கும் வந்து சேரவில்லை என்பதுதான் வருத்தம். எங்கள் குழுவில் புகைபிடிக்கும் நண்பர் ஒருவர் தம் லைட்டரையும் அங்கேயே விட்டு வந்தார். சீனாவில் லைட்டரைக் கைப்பையிலும் வைக்கக் கூடாது, பெட்டியிலும் வைக்கக் கூடாது.

இதெல்லாம் சில்லறைத் தொல்லை. உண்மையான சோதனை விமானத்துக்கு உள்ளே காத்திருந்தது.

மாலை 4.30க்குப் புறப்பட வேண்டும். ஏறினோம், கதவைச் சாத்தினார்கள், விமானம் நகரவில்லை. வெளியே இடியும் மழையும். தென்சீனத்தில் ஜூலை மாதம் என்றால் அப்படித்தான். அரை மணி ஆனது, ஒரு மணி ஆனது. சீன மொழியில் ஏதோ அறிவிப்பு வந்தது. எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

எங்கள் குழுவில் 68 வயது மாமா ஒருவர். நீரிழிவுக்கு ஊசி போட்டுக்கொள்பவர். இரவுச் சாப்பாட்டைக் குய்லினில் வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தவர். கையில் இருந்த பிஸ்கட்டை ஏறுவதற்கு முன்பே சாப்பிட்டு முடித்துவிட்டார். ஆறேகால் மணிக்கு அவர் கை நடுங்க ஆரம்பித்தது, நெற்றியெல்லாம் வியர்வை. நீரிழிவுக்காரர்கள் உள்ள வீட்டில் இருப்பவர்களுக்கு இது என்னவென்று தெரியும். சர்க்கரை ஏறுவதைவிட இறங்குவது ஆபத்து.

பக்கத்து வரிசையில் ஒரு சீன மாணவி இருந்தார். ஆங்கிலம் கொஞ்சம் தெரியும். அவர் மாமாவைப் பார்த்ததும் தம் பையில் இருந்த மிட்டாயை எடுத்துக் கொடுத்தார். பிறகு பணிப்பெண்ணைக் கூப்பிட்டு ஏதோ பேசினார். பத்தே நிமிடத்தில் தண்ணீரும் உணவுப் பொட்டலமும் வந்துவிட்டன. எங்களுக்கு மட்டும் அல்ல, விமானத்தில் இருந்த எல்லாருக்கும்! "என்னம்மா சொன்னீர்கள்?" என்று கேட்டேன். "இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது, சட்டப்படி கொடுக்க வேண்டும் என்று சொன்னேன்" என்றார்.

நேயர்களே, நான் இன்று சொல்ல வந்த செய்தி இதுதான். சீனாவில் விமானத் தாமதத்துக்கென்றே 2017 ஜனவரி 1 முதல் ஒரு விதிமுறை நடப்பில் இருக்கிறது. பயணிகளை ஏற்றிய பிறகு தாமதமானால் 30 நிமிடத்துக்கு ஒரு முறை காரணத்தைச் சொல்ல வேண்டும். 2 மணி நேரம் ஆனால் தண்ணீரும் உணவும் தர வேண்டும். 3 மணி நேரம் ஆகியும் புறப்படும் நேரம் தெரியாவிட்டால், பாதுகாப்புக்கு இடையூறு இல்லாத வரை, பயணிகளைக் கீழே இறக்கிக் காத்திருக்க விட வேண்டும். எல்லாம் எழுத்தில் இருக்கிறது. ஆனால் அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். கேட்கத் தெரிந்த அந்தப் பெண்ணால் எங்கள் மாமா பிழைத்தார்.

உணவுப் பொட்டலத்திலும் ஒரு வேடிக்கை. பிரித்தால் மாட்டிறைச்சி ரொட்டி! மாமா தொட மாட்டார். பழச்சாற்றையும் ஒரு வாழைப்பழத்தையும் வைத்துச் சமாளித்தார். சைவம் சாப்பிடுபவர்கள் "வோ ச்சி சூ" என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். 'நான் சைவம்' என்று பொருள். மாடு வேண்டாம் என்றால் "பூ ச்சி நியூ ரோ". உச்சரிப்பு முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை, சீன எழுத்தில் ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு காட்டினால் இன்னும் நல்லது.

விமானம் 7.10க்குக் கிளம்பியது. பறந்தது ஒரு மணி நேரம். மதியம் ஒரு மணிக்கு விடுதியை விட்டவர்கள், குய்லின் விடுதிக்குப் போய்ச் சேரும்போது இரவு 10. ஒரு மணி நேரப் பயணத்துக்கு ஒன்பது மணி நேரம்!

தாமதம் என்று தெரிந்ததும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி "எப்போது கிளம்பும்" என்பது அல்ல. "எதனால் தாமதம்" என்பதுதான். இயந்திரக் கோளாறு, ஊழியர் பற்றாக்குறை என்று விமான நிறுவனத்தின் காரணமாக இருந்தால், புறப்படும் ஊரில் சாப்பாடோ தங்குமிடமோ தருவது அவர்கள் பொறுப்பு. மழை, இடி, வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு என்றால் ஏற்பாடு செய்து கொடுப்பார்கள், செலவு நம்முடையது. ஆனால் உள்நாட்டு விமானம் வேறு ஊருக்குத் திருப்பிவிடப்பட்டால், காரணம் எதுவானாலும் அவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும். பணமாக இழப்பீடு உண்டா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். காரணத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். "யென்வு செங்மிங்" என்று கேட்டால் தாமதச் சான்றிதழ் தருவார்கள். ஊர் திரும்பியதும் பயணக் காப்புறுதி நிறுவனம் முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான்.

இன்னொன்று. ஷாங்காய், பெய்ஜிங், செங்டு ஆகிய நகரங்களில் இரண்டிரண்டு விமான நிலையங்கள் இருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து ஒன்றில் இறங்கி, உள்நாட்டு விமானத்தை நகரத்தின் மறுகோடியில் இருக்கும் இன்னொன்றில் பிடிக்க வேண்டிவரலாம். சீட்டு வாங்கும்போதே ஊர்ப் பெயரோடு நிலையத்தின் பெயரையும் பாருங்கள்.

திரும்பி வரும்போது நாங்கள் அதிவேக ரயிலில் வந்தோம். 2014 டிசம்பரில் திறந்த பாதை அது. குய்லினிலிருந்து குவாங்சோவுக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம். மழை பெய்துகொண்டுதான் இருந்தது, ரயிலும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. விடுதிக்கு விடுதி ஐந்து மணி நேரத்தில் முடிந்தது. சன்னல் ஓரத்தில் உட்கார்ந்து மாமா மலைகளை எண்ணிக்கொண்டு வந்தார்.

விமானமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சீனா பெரிய நாடு, தூரமான ஊர்களுக்கு விமானம்தான் வேண்டும். குறுகிய தூரம் என்றால் ரயிலையும் ஒரு முறை பாருங்கள். விமானம்தான் என்று முடிவானால், நேரத்துக்குச் சாப்பிட வேண்டிய பெரியவர்கள் உடன் வரும்போது இரண்டு வேளைக்கு உணவைக் கைப்பையில் வையுங்கள். பவர் பேங்கில் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று மணி நேரம் தாண்டினால் நமக்கு என்ன உரிமை என்பதைப் படித்துவிட்டு ஏறுங்கள்.