வாயில்லா உயிர்க்கு நாம் ஊட்டும் பொடி

 

ஏற்காட்டு மலையுச்சியில், 5,326 அடி உயரத்தில், குகையினுள் அமைந்தது சேர்வராயன் கோயில். மே மாதத் திருவிழாவிற்குச் சென்றிருந்தேன். மேளமும் வேட்டும் முழங்க, நாய் ஒன்று கடைப் பலகையின் கீழ் ஒடுங்கி நடுங்கிற்று. வேர் விற்பவர் ஒருவர் பொட்டலத்தை நீட்டி, "சோற்றில் கலந்து கொடுங்கள் ஐயா, அடங்கிவிடும்" என்றார். என்ன வேர் என்று வினவினேன். "மலை மூலிகை" என்றார். நான் வாங்கவில்லை.

மகாவீரர் நிர்வாணம் எய்திய தீபாவளி நாளில்தான் நம் தெரு விலங்குகள் மிகுதியும் அஞ்சுகின்றன. நம்மவர் அமைதிப் பொடி வாங்குவது அருளினால். அவ்வருள் பொட்டலத்தின் உள்ளிருப்பதை ஆராய வேண்டாமா?

பெயரிலேயே குழப்பம். 'பிரமி' என்று நீர்ப்பிரமியும் விற்கிறது, வல்லாரையும் விற்கிறது. 'சங்கபுஷ்பி' வடக்கே ஒரு செடி. தெற்கே பலர் காக்கணத்தை அப்பெயரால் வழங்குவர். பொடித்தபின் கண்ணால் பிரித்தறிதல் அரிது. ஆய்வுக்கூடத்தில் உருப்பெருக்கியால் அதன் நாரையும் மாவுமணிகளையும் நோக்குவர். சாற்றை மெல்லிய தகட்டில் ஏறவிட்டு, தோன்றும் வண்ணப் பட்டைகளை உண்மை மூலிகையின் பட்டைகளோடு ஒப்பிடுவர். பின்னர் உலோக நஞ்சுகளை அளப்பர். ஆயுர்வேத மருந்துத்தொகுப்பு நூல் விதித்த எல்லை, பத்து இலட்சம் பங்கில் ஈயம் 10, ஆர்செனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3. இச்சோதனைகளுக்காக எவ்விலங்கும் வதைபட வேண்டியதில்லை என்பது நமக்கு ஆறுதல்.

ஆயினும் தூய்மை வேறு, தகுதி வேறு. குப்பைமேனிக்குப் 'பூனைவணங்கி' என்று பெயரிட்ட நம் முன்னோர், அதன் வேர் பூனையைக் கிளர்ச்சியுறச் செய்வதைக் கண்டவர்கள். மனிதர்க்கான சில பாகுகளில் சேரும் சைலிட்டால் என்னும் இனிப்பு நாய்க்கு நஞ்சு.

இன்னொரு சிக்கல் நமக்கே உரியது. அமுக்கராவின் வேரைத் தோண்டினால் செடி மடிகிறது. கந்தமூலம் விலக்கும் நாம் இதற்கு என் செய்வது? இலையை இடலாமே என்பாரும் உளர். ஆனால் 2021இல் ஆயுஷ் அமைச்சகம் அமுக்கரா இலையைத் தவிர்க்குமாறு மருந்து செய்வோரை அறிவுறுத்தியது. எனக்கு இன்னும் விடை கிட்டவில்லை. முனிவர்களிடம் கேட்டுத் தெளிய விரும்புகிறேன்.

1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டம் விலங்குகளுக்கான சித்த, ஆயுர்வேத மருந்துகளையும் உள்ளடக்கியது. ஆகவே நம் பசுமடத்திற்கு வாங்குவோர் உரிம எண்ணைப் பாருங்கள். அத்தொகுதிக்குரிய ஆய்வறிக்கையைக் கேளுங்கள். தர மறுத்தால் திருப்பி அனுப்புங்கள். கால்நடை மருத்துவரிடம் கேளாது எதனையும் ஊட்டாதீர்.

அந்த நாயை என்ன செய்தீர் என்று கேட்பீர்கள். வேர்க்கடைக்காரரே பலகையின் முன் சாக்கு ஒன்றைத் தொங்கவிட்டு மறைத்தார். வேட்டு ஓய்ந்தபின் அது தானே வெளிவந்து நீர் அருந்திற்று.