ஊர்க் கணக்கும் நம்ம கணக்குதான்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நகராட்சி நிதியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். "அது ஆபீஸர் பாடு, நமக்கென்ன?" என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் குழு நடத்தத் தெரிந்த பெண்ணுக்கு நகராட்சி நிதி புரியாத விஷயமே இல்லை.

குழுவில் ஒருத்தி கடன் கேட்டால் முதலில் என்ன கேட்கிறோம்? "எதுக்கு?" என்றுதானே! கறவை மாடு வாங்க, தையல் மெஷின் வாங்க என்றால் தீர்மானம் போட்டுக் கொடுக்கிறோம். அந்த மாடே தவணையைக் கட்டிவிடும். மாசாமாசம் மளிகைக்கே கடன் வேணும் என்றால் யோசிக்கிறோம். இந்த மாத மளிகைக் கடனை அடைக்க அடுத்த மாதம் இன்னொரு கடன் வாங்க வேண்டி வரும். வட்டி மட்டும் வளரும். ஒரு நகரத்துக்கும் இதே கணக்குதான்.

இதை மறந்த ஒரு பெரிய ஊரின் கதையைச் சொல்கிறேன். அமெரிக்காவில் நியூயார்க். உலகத்துப் பணமெல்லாம் புழங்குகிற ஊர். அங்கே பல வருஷமாக வரவை மீறிச் செலவு செய்தார்கள். சம்பளம் போன்ற அன்றாடச் செலவில் ஒரு பகுதியைக் கட்டடம் கட்டுகிற செலவு மாதிரி எழுதி, அதற்கும் கடன் வாங்கினார்கள். வராத வரியை வரும் என்று வரவில் காட்டினார்கள். பழைய கடனை அடைக்கப் புதுக் கடன். அன்றைய மேயர் ஆபிரகாம் பீம் கணக்குப் படித்தவர். அதற்கு முன்னால் அந்த நகரத்தின் கணக்குத் துறைக்கே தலைவராக இருந்தவர். ஆகவே இது கணக்குத் தெரியாமல் வந்த வினை இல்லை. "இப்ப முடியாது" என்று சொல்ல யாருக்கும் மனசு வராததால் வந்த வினை.

1975-ல் வங்கிகள் கையை விரித்துவிட்டன. அந்த வருஷம் அக்டோபர் 17-ஆம் தேதி, இன்னும் சில மணி நேரத்தில் கடனைக் கட்ட முடியாமல் நகரம் கவிழ்ந்துவிடும் என்ற நிலை. ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதியிலிருந்து 15 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் வாங்கித்தான் அன்றைக்குத் தப்பித்தார்கள்.

அடி யார் மேல் விழுந்தது தெரியுமா? ஆயிரக்கணக்கான ஊழியர்களுக்கு வேலை போனது. துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ய, தெருவெல்லாம் குப்பை. சுரங்க ரயில் கட்டணம் 35 சென்டிலிருந்து 50 சென்ட் ஆனது. ஏழை வீட்டுப் பிள்ளைகள் நூறு வருஷத்துக்கு மேலாக இலவசமாகப் படித்துவந்த நகரப் பல்கலைக்கழகத்தில் 1976-லிருந்து கட்டணம் வந்தது. பாருங்க, கணக்கு எழுதியவர் ஒருவர், கஷ்டப்பட்டவர் வேறொருவர். கார் வைத்திருப்பவருக்கு ரயில் கட்டணம் ஏறினால் என்ன? நடந்து போகிறவளுக்குத்தான் வலி. அதனால்தான் சொல்கிறேன், நகராட்சியின் சிக்கனம் பணக்காரர் கவலை இல்லை; முதலில் அது நம் கவலை.

சிக்கனம் என்றால் எதையும் செய்யாமல் இருப்பது என்று அர்த்தமா? இல்லவே இல்லை. நம்ம சென்னையில் இருக்கிற ஆலந்தூரைப் பாருங்க. 1990-களின் கடைசியில் அது தனி நகராட்சி. செப்டிக் டேங்கை நம்பியிருந்த ஊருக்குப் பாதாளச் சாக்கடை வேண்டும்; நகராட்சிக் கையில் அவ்வளவு பணம் இல்லை. குடியிருப்போர் சங்கங்களைக் கூட்டிக் கணக்கைத் திறந்து காட்டினார்கள். வீட்டுக்கு 5,000 ரூபாய், கடைகளுக்கு 10,000 ரூபாய் முன்பணம் என்று முடிவானது. மக்கள் கட்டினார்கள். மீதிக்குக் கடனும் மானியமும். திட்டம் நிறைவேறியது. வாங்கிய கடன் பூமிக்குள் குழாயாக நின்றது; மாதக் கட்டணத்துக்கும் வழி வைத்திருந்தார்கள். மாடு வாங்கிய கடன் மாதிரி!

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்று நம் பாட்டிமார் சொன்னது இதைத்தான். தண்ணீர், குப்பை, சாக்கடை, தெருவிளக்கு. இந்த நாலும் ஒழுங்காக நடந்த பிறகு அலங்கார வளைவு கட்டலாம். குழாயில் தண்ணீர் வராத தெருவுக்கு வளைவு எதுக்குங்க?

தமிழ்நாட்டில் உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-லேயே சட்டம் வந்துவிட்டது. வார்டு குழு, பகுதி சபைக்கு 2022-ல் விதிகள் வந்தன. கூட்டம் நடக்கும்போது போய் உட்காருங்க. மூன்று கேள்வி கேளுங்க: இந்தக் கடன் எதுக்கு? எந்த வரவிலிருந்து அடைப்பீங்க? கட்டிய பிறகு பராமரிக்கப் பணம் எங்கே?

கேட்பதற்கு முன்னால் நம் பங்கையும் பார்க்க வேண்டும். சொத்து வரி, குடிநீர்க் கட்டணம் பாக்கி வைத்துவிட்டு அதிகாரியை நிமிர்ந்து கேட்க முடியாது. சேமிப்பு கட்டாத உறுப்பினர் குழுவில் பேசினால் நாம் என்ன சொல்வோம்?

வாராவாரம் சேமிப்பையும் உள்கடனையும் பைசா விடாமல் எழுதுகிற கை நம் கை. அந்தக் கை நகராட்சி வரவு செலவுப் புத்தகத்தையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும்.