மீனின் செவுளும் நம் கண் இமையும்

(சிதம்பரத்தில் நடந்த மகளிர் குழுக் கூட்டமைப்புக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்னைக்கு உடம்பைப் பத்திப் பேசலாம்னு சொன்னதும் பின்வரிசையில ஒரு அக்கா, "நமக்கு எதுக்கும்மா டாக்டர் படிப்பு?"ன்னு கேட்டாங்க. படிப்பு வேண்டாம் அக்கா. கடலூர் முதுநகர்லயும் பரங்கிப்பேட்டை அன்னங்கோவில்லயும் மீன் அறுக்கிற நம்ம பெண்களுக்கு இதுல பாதி ஏற்கெனவே தெரியும்.

மீன் வயிற்றைக் கீறினா என்ன வருது? ஈரல், குடல், காற்றுப்பை, சினை. செவுளுக்குப் பின்னால பொடிசா ஒரு இதயம். ஒவ்வொன்றும் ஓர் உறுப்பு. வாய், இரைப்பை, குடல், ஈரல் எல்லாம் சேர்ந்து சாப்பாட்டைச் செரிக்க வைக்குது. அதைச் செரிமான மண்டலம்னு சொல்றோம். மீனுக்குச் செவுள் செய்யுற வேலையை நமக்கு நுரையீரல் செய்யுது. இதயம், ரத்தக் குழாய், ரத்தம் மூன்றும் சேர்ந்தது ரத்த ஓட்ட மண்டலம்.

இன்னும் உள்ளே போவோம். ஆட்டுக்குடல் கழுவியிருப்பீங்க. உள்பக்கம் துண்டு மாதிரி கொரகொரன்னு ஒரு படலம், வெளியே இழுத்தா இழுபடுற சதை. இரண்டும் வேற வேற திசு. பல திசுக்கள் சேர்ந்தாத்தான் ஓர் உறுப்பு. திசு எதனால ஆனது? செல்களால. வெங்காயச் சுளையை உரிக்கும்போது கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய தோல் வருமே, அது ஒரே அடுக்குச் செல்தான். பிள்ளைங்க பள்ளிக்கூடத்து மைக்ரோஸ்கோப்புல வச்சுப் பார்த்தா செங்கல் அடுக்கின மாதிரி தெரியும்.

உறுப்பினர், குழு, கூட்டமைப்பு மாதிரின்னு நினைச்சுக்கோங்க. ஆனா ஒரு இடத்துல இந்தக் கணக்கு உதைக்கும். குழு பிடிக்கலைன்னா விலகி வீட்டுல இருக்கலாம். இதயத்துச் செல் விலகிப் போய் தனியா பிழைக்க முடியாது.

மனித உடம்புல சுமார் 30 லட்சம் கோடி செல்கள். அதுல ஐந்தில் நாலு பங்குக்கு மேல ரத்தச் சிவப்பணுதான்! கடுகை விட எத்தனையோ மடங்கு சின்னது. எலும்புக்குள்ள இருக்கிற மஜ்ஜையில நொடிக்கு 20 லட்சம் வீதம் உற்பத்தியாகுது. அதுக்குள்ள இருக்கிற ஹீமோகுளோபின் நுரையீரல்ல பிராணவாயுவை ஏத்திக்கிட்டு உடம்பு முழுக்கக் கொண்டுபோய் இறக்குது. ஹீமோகுளோபின் செய்ய இரும்புச்சத்து வேணும். அது கிடைக்கலைன்னா செல்லு சிறுத்து வெளுத்துப் போகுது. அப்போ இதயம் வேகமா அடிச்சு ஈடுகட்டப் பார்க்கும். படபடப்பு, மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குறது, நடவு வயல்ல மத்தியானத்துக்குள்ள கால் துவண்டு போறது எல்லாம் இதனாலதான். "வயசாகுது"ன்னு நாமே சொல்லி முடிச்சிடுறோம். கர்ப்பிணிக்கு இப்படி இருந்தா பிரசவத்துல உயிருக்கே ஆபத்து.

2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுல 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 100க்கு 53 பேருக்கு ரத்தசோகை. இந்தக் கூடத்துல பாதிக்கு மேல.

செவுளைத் தூக்கிச் சிவப்பா இருக்கான்னு பார்க்காம நாம மீன் வாங்குறதில்ல. நம்ம கீழ் இமையை இழுத்து யார் பார்க்கிறா? மீன் செவுள் வெளுக்கிறது கெட்டுப்போறதால, நம்ம இமை வெளுக்கிறது ரத்தம் குறையுறதால. காரணம் வேற, பார்க்கிற பழக்கம் ஒண்ணுதான். கண்ணால பார்த்தது மட்டும் போதாது. ஆரம்ப சுகாதார நிலையத்துல ஹீமோகுளோபின் சோதனை இலவசம். 12ம் அதுக்கு மேலயும் இருக்கணும், கர்ப்பிணிக்கு 11.

மாத்திரையை 10 நாள் போட்டுட்டு பரணில போடுறவங்க நிறைய பேர். ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். பழசு போய் புதுசு நிரம்பவும், உடம்புல இரும்பு இருப்பு சேரவும் மாசக்கணக்கு ஆகும். அதனாலதான் நர்ஸம்மா சொல்ற நாள் வரைக்கும் போடச் சொல்றாங்க. டீயோட போடாதீங்க, டீ இரும்பைச் சேரவிடாது. எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா சேர்த்தா நல்லா சேரும். முருங்கைக்கீரை, கேழ்வரகு, சுவரொட்டி, நெத்திலி எல்லாம் சாப்பிடுங்க. வீட்டுல எல்லாரும் சாப்பிட்டு மிஞ்சின குழம்புல மீன் துண்டு இருக்காது, அதனால உங்க பங்கை முதல்லயே எடுத்து வைங்க. வெறுங்காலோட கொல்லைக்குப் போறதால வர்ற கொக்கிப்புழுவும் குடல்ல இருந்து ரத்தம் உறிஞ்சும், அதுக்கும் மாத்திரை கேளுங்க.

கூட்டம் முடிஞ்சதும் ஒரு தங்கச்சி காதோட காதா, "மாத்திரை போட்டா மலம் கறுப்பா போகுதே"ன்னு கேட்டாங்க. உடம்புல சேராத இரும்பு வெளியே போறதால அந்த நிறம், பயப்பட வேண்டாம். வயிறு எரிஞ்சா ராத்திரி சாப்பிட்ட பிறகு போடுங்க. அப்படியும் ஒத்துக்கலைன்னா நிறுத்தாம கிராம சுகாதார செவிலியர்கிட்ட சொல்லுங்க. ரத்தம் ரொம்பக் குறைவா இருந்தா ஆஸ்பத்திரியிலேயே இரும்புச்சத்தை டிரிப்ஸ்ல ஏத்துவாங்க.