வண்டியின் நாடி
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இலக்கியம் முழங்கும் இம்மேடையில் மோட்டார் வண்டியைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்துள்ளனர். நாம் பொறியியல் கற்றவரல்லோம். ரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதும் எழுத்தரே. ஆயினும் பொருள் நம் இல்லங்களைத் தொடுவது. லிங்கராஜபுரத்துத் தெருக்களில் பழைய குவாலிஸும் சுமோவும் பொலிரோவும் இன்றும் நிற்கின்றன. பொங்கலுக்கு எட்டுப் பேர் கொண்ட குடும்பம் வேலூருக்கோ தருமபுரிக்கோ செல்ல அவையே துணை. அவ்வண்டி சிக்னலில் நிற்கையில் நடுங்கத் தொடங்கினால், நாம் செய்வது யாது? ஒருவர் சொன்னாரென்று ஒன்றை மாற்றுகிறோம். மற்றொருவர் சொன்னாரென்று வேறொன்றை மாற்றுகிறோம். ஜே.சி. ரோட்டில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் கரைகிறது, நடுக்கமோ தீரவில்லை.

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரம் மனிதனின் நோய்க்கு வகுத்த முறை இயந்திரத்திற்கும் பொருந்தும். காரணம் அறியாமல் மருந்து கொடுத்தல் ஆகாது. இவ்வொன்றையே வற்புறுத்த விழைகிறோம்.

குவாலிஸையே எடுத்துக்கொள்வோம். பெங்களூரை அடுத்த பிடதியில் 2000 முதல் 2005 வரை உருவான வண்டி அது. 2446 சி.சி. கொள்ளளவும் நான்கு சிலிண்டர்களும் உடைய டீசல் எஞ்சின். 1897-இல் ருடால்ஃப் டீசல் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய தத்துவப்படி, அழுத்தத்தால் சூடேறிய காற்றில் எண்ணெய் தெளிக்கப்பட்டுத் தானே எரிகிறது. நின்ற நிலையில் எஞ்சின் நிமிடத்திற்கு 750 சுற்றுச் சுற்றுவதாகக் கொண்டால், ஒவ்வொரு சிலிண்டரும் 375 முறை எரியவேண்டும். நால்வர் பல்லக்குத் தூக்குகையில் ஒருவர் தளர்ந்தால் பல்லக்கு ஆடுமன்றோ? ஓடும்போது வேகம் அக்குறையை மறைக்கும். நிற்கும்போது மறைக்க ஏதுமில்லை. ஆகவே நடுக்கத்தைத் தொல்லையென்று கருதாமல் முன்னறிவிப்பென்று கொள்க.

இனி ஆராயும் முறை. செலவில்லாததில் தொடங்கிச் செலவுள்ளதில் முடிக்கவேண்டும்.

முதலாவது, நடுங்குவது எஞ்சினா, வண்டியா? ஓசை சீராக இருந்து உடல் மட்டும் அதிர்ந்தால், எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டுகளைப் பாருங்கள்.

இரண்டாவது, நடுக்கம் எப்போது? மார்கழிக் காலையில் வெண்புகையோடு நடுங்கி, சூடேறியதும் தணிந்தால், ஹீட்டர் பிளக்குகளை முதலில் சோதிக்கவேண்டும். அழுத்தக் குறைவும் அவ்வாறே தோன்றக்கூடும்.

மூன்றாவது, எண்ணெய் தூயதா? டீசல் ஃபில்டரின் அடியில் தேங்கிய நீரை வடித்து விடுங்கள். வெடித்த ரப்பர்க் குழாய் வழியே காற்றுப் புகுந்தாலும் எஞ்சின் தடுமாறும். எண்ணெய் வரும் வழியில் கண்ணாடி போன்ற குழாய்த் துண்டொன்றை இணைத்தால் குமிழிகள் உண்மையைச் சொல்லிவிடும்.

நான்காவது, நோயுற்ற சிலிண்டர் எது? எஞ்சின் ஓடுகையில் இன்ஜெக்டர் குழாயின் நட்டைத் தேர்ந்த மெக்கானிக் ஒவ்வொன்றாகச் சிறிது தளர்த்துவார். தளர்த்தியதும் எஞ்சின் மேலும் தடுமாறினால் அச்சிலிண்டர் உழைக்கிறது. மாற்றமே இல்லையெனில் அதுவே நோயாளி. அதன் இன்ஜெக்டரை அண்டையிலுள்ளதோடு மாற்றிப் பொருத்துக. குறை இன்ஜெக்டரோடு இடம் பெயர்ந்தால் குற்றம் இன்ஜெக்டருடையது. பழைய இடத்திலேயே நின்றால் டேப்பட் இடைவெளியையும் அழுத்தத்தையும் அளக்கவேண்டும். எஞ்சினைப் பிரிக்கும் பேச்சு அதன் பின்னரே எழலாம்.

ஓர் எச்சரிக்கை! நட்டைத் தளர்த்தும் இச்சோதனை பழைய பம்பு வண்டிகளுக்கே உரியது. காமன் ரெயில் என்னும் புதுமுறை வண்டிகளில் எண்ணெய் ஆயிரம் பார் அழுத்தத்தையும் கடந்து பாயும். தோலைத் துளைத்து உயிருக்கே ஊறு செய்யும். அங்கே கணினிக் கருவி கொண்டே சோதிக்கவேண்டும்.

இன்னொன்று: ஐடில் ஸ்க்ரூவைத் திருகி வேகத்தைக் கூட்டினால் நடுக்கம் அடங்கியதுபோல் தோன்றும். அது காய்ச்சல்காரனுக்குப் போர்வை போர்த்துவது போன்றது. நோய் உள்ளேயே வளரும்.

ரயில்வேயில், ஓட்டுநர் தாம் கண்ட குறையைப் புத்தகத்தில் எழுதியே எஞ்சினைப் பணிமனையில் ஒப்படைப்பார். அவ்வழக்கத்தை நாமும் மேற்கொள்வோம். நடுக்கம் காலையிலா மாலையிலா, ஏ.சி. ஓடும்போதா, புகை வெண்மையா கருமையா என்று ஒரு சிறு நோட்டில் குறித்து மெக்கானிக்கிடம் கொடுங்கள். அவர் கன்னடம் பேசினும் உருது பேசினும், குறிப்பைப் படித்துச் சொன்னால் மகிழ்ந்து கேட்பார். அவருடைய கைத்திறனுக்கு நம் கவனம் துணையாகும்.

முடிவாக ஒரு வேண்டுகோள். நம் குடியிருப்பில் ஐ.டி.ஐ. பயின்ற இளைஞர் உள்ளனர். பொங்கலுக்கு முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமையில், ஊர் செல்லும் வண்டிகளை அவர்கள் வரிசையாகப் பார்வையிடச் சங்கம் ஏற்பாடு செய்யலாகாதா? கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் நள்ளிரவில் குழந்தைகளோடு ஒரு குடும்பம் நின்றுவிடாமல் காத்தால், அதுவும் தமிழ்த் தொண்டே ஆகும்.

 வாழ்க சங்கம்! வெல்க தமிழ்!